குப்பைமேட்டில் ஒரு பூங்கா

இன்று வாலாஜாபாத் லாரி நிறுத்தத்தில், சக்கரத்தில் நசுங்கிய காட்டாமணக்கின் வாசனை வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் சிறுவயதில் இந்த இடம் ஊரின் குப்பைமேடு. பஞ்சாயத்தில் குப்பை அள்ளிய தன் அம்மாவோடு சேர்ந்து என் தோழி மேரிதான் கண்ணாடிச் சில்லும் செத்த எலியுமாகக் கிடந்த அந்த இடத்தைக் கூடை கூடையாக வாரிச் சுத்தம் செய்தாள். பள்ளி விட்டதும் நானும் ஓடிப்போய்க் காட்டாமணக்கு பிடுங்குவேன். பிறகு செம்மண் பரப்பி, சிமெண்டு பெஞ்சு போட்டு, கம்பத்தில் ரேடியோ குழாய் கட்டி, அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலங்களில் தண்ணீர் தெளித்த மண்ணில் உட்கார்ந்து ஊரே பாட்டுக் கேட்டது.

திறந்த அன்று மேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இங்கதான்டா தேளப் பாத்து அலறிக்கினு ஓடுன" என்று சிரித்தாள். காலையில் வேலியோரம் மிச்சமிருந்ததைச் சேர்ந்து பிடுங்கிய காட்டாமணக்கின் வாசனை இருவர் கையிலும் இருந்தது.

காவல்காரர் வந்தார். "குப்ப அள்றவ பொண்ணுக்கு இங்க இன்னா வேல? தம்பி, உன்கூட வந்துதா இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்ல, யாருன்னே தெரியாது" என்றேன்.

மேரி எழுந்துபோய், வேலிக்கு வெளியே நின்றபடி பாட்டுக் கேட்டாள்.

இப்போது வேலியும் இல்லை, பெஞ்சும் இல்லை. அவள் என்னோடு வந்தவள்தான் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?