என் பெயரை மட்டும் போட்டேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை அடையாறில் நடந்த ஒரு மாநாட்டுப் பேச்சின் ஒத்திகைக்கு நான் போயிருந்தேன். என் நண்பன் ஸ்ரீராம் வந்திருந்தான். மாநாட்டு வேலைகளைப் பார்க்கும் சல்மா அக்கா வந்திருந்தார். அம்மா வரவில்லை, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். அப்பா கடலில். அவரைப் போன்ற மீனவர்களுக்காக நானும் ஸ்ரீராமும் செய்த செயலியைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. பேசப்போகிறவன் ஸ்ரீராம்.

சபையாரே, அதுதான் என்னை உள்ளுக்குள் எரித்தது.

அந்தச் செயலி காற்று எப்படி, அலை எப்படி என்று தமிழில் சொல்லும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இப்படித் திறந்து வைக்கும் மென்பொருளுக்கென்றே கிண்டியில் மாநாடு நடக்க இருந்தது. பேச வாய்ப்புக் கேட்டு எங்கள் இருவர் பெயரையும் எழுதித்தான் அனுப்பினோம். ஒருவர் மட்டும் பேசலாம் என்று பதில் வந்தது. மேடையில் பேசிப் பழகியவன் என்பதால் ஸ்ரீராமைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். மயிலாப்பூரில் அவன் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அவன் ஆங்கிலம் பேசினால் எனக்கு எரியும். அவன் அம்மா அன்பாகக் காபி கொடுத்தாலும் எரியும். கடலுக்குப் போகிறவர் என் அப்பா, கைதட்டல் வாங்கப்போகிறவன் அவனா? வாரக்கணக்கில் ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, அந்த மேடையை அவனிடமிருந்து எடுத்து எனக்குக் கொடும்."

ஒத்திகையில் ஸ்ரீராம் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. காய்ச்சலில் தொண்டை கட்டிப் போயிருந்தது.

சல்மா அக்கா என் பக்கம் திரும்பினார். "நைனா, இவனால முடியாது. நாளைக்கு நீதான் பேசணும். இன்னா சொல்ற?"

சரி என்றேன். சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. என் ஜெபம்தான் அவன் தொண்டையைப் பிடித்ததோ?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "இன்னாடா, மேடை கெடச்சிச்சின்ற, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒண்ணுமில்லம்மா."

பேச்சோடு திரையில் காட்டும் படங்களைத் திறந்தேன். முதல் பக்கத்தில் ஸ்ரீராம் பெயர். பயத்தையும் மீறி அந்த எரிச்சல் திரும்ப வந்தது. அவன் பெயரை அழித்தேன். என் பெயரை மட்டும் போட்டேன். அதோடு நிற்கவில்லை, தினமும் செய்கிற பழக்கத்தில் விரல் அதைப் பொதுத் தளத்துக்கும் அனுப்பிவிட்டது.

எங்கள் குழுவில் எந்த மாற்றமும் எல்லோர் கண்ணிலும் படும். எடுத்த வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில், செய்தவர் பெயரோடு தெரியும். கூட வேலை செய்கிறவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அந்த மாற்றம் நிற்கும். சிவப்பில் ஸ்ரீராம். பச்சையில் நான். ஒப்புக்கொள்ள வேண்டியவனும் ஸ்ரீராம்தான்.

சல்மா அக்காவின் செய்தி உடனே வந்தது. "ஜெரால்டு, இன்னாப்பா இது? கூட இருந்தவன் பேரையே அடிச்சிட்ட?"

அந்த மாற்றத்தை அழிக்கலாம் என்றால், அழித்ததும் தெரியும். முழங்காலில் விழுந்தேன். அன்றுதான் மனசார ஜெபித்தேன். "ஆண்டவரே, மேடை வேண்டாம். என் சிநேகிதன் எனக்கு வேண்டும்."

எழுந்து போனை எடுத்தேன். ஸ்ரீராம் பதில் போட்டிருந்தான், எல்லோரும் பார்க்கிற அதே இடத்தில்.

"சரிதான், ஏத்துக்கறேன். பேசறவன் பேர்தானே இருக்கணும்? மூணாவது பக்கத்துல அந்த அலை படம் நன்னா இல்ல மச்சி. உங்கப்பா படகு போட்டோ இருந்தா போடு."

அழுதேன். இது ஆண்டவர் செய்ததுதான் என்று நம்புகிறேன். மேடையை நான் கேட்டு வாங்கினேன். கேட்கத் தெரியாத மன்னிப்பை ஸ்ரீராம் வழியாக அவராகவே கொடுத்தார். இரண்டு பெயரையும் சேர்த்து, அப்பாவின் படகையும் போட்டு மறுபடி அனுப்பினேன்.

மறுநாள் பேசினேன். கை தட்டினார்கள். அப்போதும் முதலில் ஸ்ரீராம் முகத்தைத்தான் பார்த்தேன், வாடியிருக்கிறதா என்று. அவனோ தலையைக் குனிந்து, செயலியைப் பற்றி யாரோ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்த எரிச்சல் ஒரே நாளில் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். இப்போது அது வரும்போதே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான். உங்களுக்கும் யார் மேலாவது அப்படி எரிந்தால், நல்ல வார்த்தை தேடி அதை மூடாதீர்கள். இருக்கிறபடியே அவரிடம் கொட்டுங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார்.

அன்று மாநாட்டிலிருந்து வெளியே வந்ததும் ஸ்ரீராம் கரகரத்த குரலில், "பேர அடிச்சதுக்கு ஃபைன் கட்டுடா" என்றான்.

இரண்டு சுக்குக் காபி, நாற்பது ரூபாய்.