ஒரே எண்ணில் ஒன்பது பேர்

பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையொன்றில் செலஸ்டின் முப்பத்தோர் ஆண்டுகள் உதிரிப்பாகங்களின் பதிவேட்டைக் கவனித்தார். ஒரே எண் இரண்டு வரிகளில் வந்தால், ஒரே பொருளை இருமுறை எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம்; ஒரு வரியை நீக்கிவிட வேண்டும். அந்த விதி அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஓய்வு பெற்றபின், அலோர் காஜாவிலுள்ள சிறுநீரக நோயாளர் உதவிச் சங்கத்தின் தொடர்புப் பட்டியலை ஏற்றுக்கொண்டார். நன்கொடையாளருக்கு அழைப்பிதழ் போவதும் அதிலிருந்துதான். நோயாளிகளுக்கு வேன் வரும் நாளைக் குறுஞ்செய்தியாகத் தெரிவிப்பதும் அதிலிருந்துதான். சிலருக்கு ஒரே அழைப்பு மூன்று தடவை போய், சங்கத்தின் மீது சலிப்பு உண்டாகியிருந்தது. செலஸ்டின் இரண்டு மாதம் உட்கார்ந்து, கைப்பேசி எண் ஒன்றாயிருந்த பெயர்களையெல்லாம் ஒரே வரியாக்கினார். செயற்குழு கைதட்டியது.

அடுத்த வாரமே, வெள்ளிக்கிழமை நண்பகலில், இரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் தாதி பமேலா அழைத்தாள்.

"ஆன்ட்டி, சின்னப்பன் அங்கிள் எங்க? வியாழக்கிழமை சென்டர் மூடுறோம்னு எல்லாரையும் புதன்கிழமையே வரச் சொன்னோம்ல. அவரு வரல."

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டேனே, பமேலா!"

"வேன் லிஸ்ட்லயே அவரு பேரு இல்ல ஆன்ட்டி. செவ்வாய்க்கிழமை மெஷின்ல படுத்ததுதான். மனுஷன் தனியா வேற இருக்காரு."

செலஸ்டின் பட்டியலில் தேடினார். சின்னப்பன் இல்லை. அவருடைய பழைய விண்ணப்பத் தாளை எடுத்து, அதிலிருந்த எண்ணைப் பட்டியலில் தட்டித் தேடினார். தம்புசாமி என்று வந்தது. தாளில் அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது: பாய் கடை.

பக்கத்து ஊரான லூபோக் சீனாவில் ஹபீபுல்லாவின் மளிகைக் கடையை அவர் அறிவார். சுற்றுத் தோட்டங்களில் கைப்பேசி இல்லாத முதியவர்கள் அந்தக் கடையின் எண்ணையே தங்கள் எண்ணாகக் கொடுப்பது வழக்கம் என்பதைத்தான் அவர் அறிந்திருக்கவில்லை.

அந்த எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். பிறகுதான் நினைவு வந்தது: வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம்.

விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயர்தான் இருந்தது, வீடு எதுவென்று கடையில்தான் கேட்க வேண்டும்; காரை எடுத்தார். முன்னால் எண்ணெய்ப்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்குமா என்ற எண்ணம் எழும்போதெல்லாம் வேறெதையாவது நினைக்க முயன்றார், முடியவில்லை.

கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. ஹபீபுல்லா தொப்பியுடன் வந்து சேரும்வரை செலஸ்டின் வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.

"பாய், சின்னப்பனுக்கு வேன் சேதி சொன்னீங்களா?"

"அவருக்கு வரலையேமா. ஒரு ஆளுக்கு ஒரு மெசேஜ் வரும், பேரப் பார்த்துப் போய்ச் சொல்லுவேன். இந்தத் தடவ தம்புசாமிக்கு மட்டும்தான் வந்திச்சி. ஏன், என்னாச்சி?"

செலஸ்டின் காரின் கதவைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்த ஹபீபுல்லா, கடையைத் திறக்காமலே காரில் ஏறிக்கொண்டார்.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவு சாத்தியிருந்தது. ஹபீபுல்லா தட்டினார். ஓசை இல்லை. மீண்டும் தட்டினார். உள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. செலஸ்டின் கதவைத் தள்ளித் திறந்தார்.

சின்னப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமும் கால்களும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

"நேத்து காலைல அஞ்சரைக்கே தோட்டத்துக் கேட்ல... போயி நின்னேன். எட்டு மணி வரைக்கும். வேன் ரோசாக் ஆயி எங்கயோ நின்னுருச்சு போலன்னு... வந்துட்டேன். நாளைக்கு வரும்லா?"

"வேன் ரோசாக்கும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. பேசாம ஏறுங்க," என்று ஹபீபுல்லா அவரைத் தாங்கினார்.

மருத்துவர் இருப்பதாகவும் நேரே கொண்டுவரும்படியும் பமேலா கைப்பேசியில் சொன்னாள். வழி முழுவதும் செலஸ்டின் பின்னிருக்கையிலிருந்து வந்த மூச்சையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். அது சற்று நின்றாற்போலிருந்த ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்தார்.

மாலை நாலரைக்குப் பமேலா வெளியே வந்தாள். "மூச்சு வாங்குறது கொறஞ்சிருச்சு ஆன்ட்டி. நாளைக்கு வரைக்கும் விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

செலஸ்டின் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"பாய், உங்க நம்பர எத்தன பேரு குடுத்திருக்காங்க?"

"எங்கிட்ட சொல்லிட்டுக் குடுத்தவங்க ஒம்பது பேரு, வேன்ல போறது தம்புசாமியும் சின்னப்பனும்தான். சொல்லாமக் குடுத்தவங்க ஆண்டவனுக்குத்தான் தெரியும்!" என்று சிரிக்கப் பார்த்தவர், செலஸ்டினின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார், செலஸ்டின் எழுதினார். ஜெயந்தி என்ற பெயர் வந்தபோது, "அது இப்பச் சொந்தப் போன் வாங்கிருச்சி, இங்க வேணாம்," என்றார். தம்புசாமியின் வரியை மட்டும் விட்டு செலஸ்டின் நீக்கிய எட்டு வரிகளில் ஒன்றுதான் சரி.

செலஸ்டின் இப்படி ஒன்றாக்கிய எண்கள் மொத்தம் நாற்பத்தொன்று. நீக்கிய வரிகளின் பிரதி எதையும் அவர் வைத்திருக்கவில்லை. அங்கிருந்த நெகிழி நாற்காலியிலேயே உட்கார்ந்து, கைப்பேசியில் பட்டியலைத் திறந்து, ஒன்றாக்கும்போது குறியிட்டிருந்த அடுத்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, அதை யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்க அழைத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எவரும் எடுக்கவில்லை. எண்ணுக்கு நேரே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழைத்தார்.