தொட்டில் நடந்த தூரம்

கிறீச்... கிறீச்...

ஸ்பிரிங் தொட்டில் ஆடுகிற சத்தம். ஊரடங்கு என்றாலே எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

நண்பர்களே, நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. சத்தியமாக நம்ப மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

கேளம்பாக்கம் ஃபிளாட்டில், சோபாவை விட்டு எழாமலே கன்னியாகுமரிக்கு நடந்துபோய்த் திரும்பியவன் நான். வழியில் கருங்குழியில் டீ கூடக் குடித்தேன். கடைசியில் நான் எழுந்தபோது சோபாவும் கூடவே எழுந்தது... அவ்வளவு ஒட்டுதல்.

திருப்போரூர் காதர் என் சிநேகிதன். பாத்திரக்கடைக்காரன். நாளெல்லாம் நின்றே வியாபாரம் பார்த்தவன், ஊரடங்கில் கடை மூடியதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குச் சுகர். நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் பந்தயம் வைத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு, அன்றைக்குப் போன் எண்ணிக் காட்டும் ஸ்டெப்ஸை வாட்ஸாப்பில் அனுப்பணும். தோற்றவன் மறுநாள் முழுக்க ஜெயித்தவனை 'மகாராஜா' என்று கூப்பிடணும்.

மூன்று நாள் தோற்றேன். மகாராஜா சொல்லிச் சொல்லி நாக்கு பாதியாகத் தேய்ந்தது.

நாலாம் நாள், பிரசவத்துக்கு வந்த மகளின் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தொட்டிலில் கட்டினேன். பேரன் தூங்கினான், நான் நடந்தேன். இருபத்திரண்டாயிரம்.

காதர் போன் போட்டான். "இன்னா மச்சான், மாபலிபுரம் போய்ட்டு வந்துட்டியா?"

"நீ வூட்ல குந்திகினு கேள்வி கேளு."

ரோஷக்காரன். மொட்டை மாடி ஏறிவிட்டான். அங்கே அவன் மனைவி வடகம் காயப்போட்டிருந்தாள். செருப்போடு மாடி ஏறக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு, வடகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பதினைந்தாயிரம்... பதினெட்டாயிரம்...

நான் தொட்டிலை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினேன்.

சுகர் முற்றிய காலுக்குச் சூடு தெரியாதாம். கொப்புளம் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும், ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நாளைக் கடத்தினான்.

வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஊரடங்கு முடிந்து அவனைப் பார்த்த அன்றே தொட்டில் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "உன் புளுகு ஊருக்கே தெரியும். நீ நெஜமாவே நடந்த, மச்சான். நீ நடக்கலன்னா நா இன்னாத்துக்கு அப்டி நடந்தேன்?"



முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரம் மணலில் அவன் முன்னால் போவான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். இப்போது அவன் கரையில் என் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறான். நான் தனியாக நடக்கிறேன். "மகாராஜா, இன்னும் ஒரு ரவுண்டு" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பான்.

கன்னியாகுமரி புளுகு. கருங்குழி டீ புளுகு. சோபா எழுந்ததும் புளுகுதான்.

தொட்டில் மட்டும் நிஜம், காதரு.