நீல மூடியும் என் வாயும்

புது லாரி வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று யாராவது கேட்டால், என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. "அவகிட்ட கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு, டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவார். ஒரே ஒரு லாரியைச் சொந்தமாக வைத்து, தானே ஓட்டிப் பிழைக்கிற மனுஷர். பத்தொன்பது வருஷம் ஒரே வண்டி. லாரி ஷெட்டில் அவருக்கு ‘ஊமை ஹாரன்’ என்று பேர். அவரும் வாயைத் திறக்க மாட்டார், அவருடைய ஹாரனும் பாதி நாள் வேலை செய்யாது. அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

பழைய வண்டி எங்கே முனகினாலும் அவருக்குத் தெரியும். அடியில் போய்ப் படுத்தாரென்றால், மத்தியானத்துக்குள் சரிபண்ணிவிட்டு எழுந்து வருவார். மாதத்தில் இருபது நாள் லோடு கிடைத்தால் போதும். மிச்ச நாள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். எனக்கு அதுதான் எரிச்சல். என் தங்கை புருஷன் புது வண்டி எடுத்திருந்தான். ஏசி, மெத்தை, டிவி மாதிரி ஒரு திரை. தங்கை அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோவை எனக்கு மூன்று தடவை அனுப்பினாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது அதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்திருந்தேன். நாமும் புது வண்டி எடுக்கலாம் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன்.

"பழசு படுத்தா நான் எழுப்பிடுவேன். புதுசு படுத்தா கம்பெனிக்காரன்தான் வரணும். எனக்குக் காய்ச்சல்னாலும் ஓட்டியே ஆகணும், தவணை காத்திருக்காது" என்றார். ஒரு வாரத்துக்கு அவர் பேசுகிற பேச்சு மொத்தமும் அதுதான்.

"பயமா இருக்குன்னு சொல்லுங்களேன். எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?" என்றேன். தங்கையையும் அவள் புருஷனையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். மறுமாதமே பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதுசைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

புது வண்டியில் டீசல் தவிர இன்னொன்றும் ஊற்ற வேண்டும். புகையைச் சுத்தம் பண்ணுகிற ஒரு தண்ணீர், யூரியா என்பார்கள். அதற்குத் தனியாகச் சின்னத் தொட்டி, நீல மூடி. டீசல் தொட்டிக்குக் கறுப்பு மூடி. ஏழாவது மாதம், லோடு ஏற்றிப் போன வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. சர்வீஸ்காரன் வந்து பார்த்து, டீசல் தொட்டியில் யாரோ யூரியாவை ஊற்றியிருக்கிறார்கள், பம்ப் முதல் குழாய் வரை எல்லாம் போச்சு, வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டான்.

"எந்தப் படுபாவி ஊத்துனான்?" என்று போனில் கத்தினேன்.

 "பங்க்ல..." என்று இழுத்தார்.

எனக்கு அது போதாதா? அவர் வீடு திரும்பிய மறுநாள் காலை, அவரையும் இழுத்துக்கொண்டு அந்தப் பங்கில் போய் நின்றேன். டீசல் போடுகிறவர், காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற நடுவயசு ஆள். "கண்ண என்ன பொடனியிலயா வெச்சிருக்க? கறுப்பு எது, நீலம் எதுன்னு தெரியாதா உனக்கு?" என்று பிடித்தேன் பாருங்கள், வரிசையில் நின்ற நாலு லாரிக்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தவர், என் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் கூடிவிட்டதே என்று மேனேஜர் அவரை அங்கேயே யூனிஃபார்மைக் கழற்றச் சொன்னார். அவர் பட்டனைக் கழற்றுகிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் என் வீட்டுக்காரர் கேனை எடுத்து யூரியா ஊற்றிக்கொண்டிருந்தார். "பாத்து ஊத்துங்க, அந்தக் குருட்டுப் பய மாதிரி ஊத்திடாதீங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

கேனைக் கீழே வைத்துவிட்டார். "அன்னிக்கு ஊத்துனது நான்தான். பழைய வண்டியில கேன்ல எப்பவும் டீசல்தான இருக்கும்? கை தானா கறுப்பு மூடியத் திறந்துடுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

 எனக்குப் பயந்து ஒரு மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார், அந்தப் பொய்யை நம்பி நான் இன்னொரு மனுஷன் சட்டையைக் கழற்ற வைத்திருக்கிறேன். சீ, என்ன பிறவி நான் என்றுதான் இருந்தது.

அந்தப் பங்க் ஆள் இப்போது எங்கே என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போனோம். அவர் லாரி கழுவுகிற இடத்தில், முழங்கால் வரை சேற்றில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"நீங்க ஊத்தலன்னு உங்களுக்குத் தெரியுமே. ஏங்க வாயே தொறக்கல?" என்று கேட்டேன்.

அவர் ஹோஸை மூடிவிட்டுச் சொன்னார்: "சொல்லத்தான் வந்தேன்க்கா. அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். எனக்குப் போனா ஒரு வேலைதான் போகும். அவரு உங்ககூடத்தான வீட்டுக்குப் போகணும்?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னமும் என்னை அறுக்கிறது. மேனேஜரிடம் வந்து பேசுகிறேன் என்றேன். "வேணாம்க்கா, மறுபடியும் அங்க சத்தம் போடாதீங்க" என்று கெஞ்சினார்.

நான் கேட்கவில்லை, நேரே பங்குக்குப் போனேன். மேனேஜர் எதிரில் நின்றபோது குரல் எழும்பவே இல்லை. "என்னம்மா? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "ஊத்துனது என் வீட்டுக்காரரு. அநியாயமாக் கத்துனது நான். அந்த மனுஷன மறுபடியும் வேலைக்குச் சேத்துக்கோங்க."

"அந்த இடத்துக்கு அன்னிக்கே ஆள் போட்டாச்சேம்மா" என்றார்.

அந்தப் புது ஆள் அப்போது ஒரு லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். என் கதை அவர் காதுக்கும் போயிருக்கும்போல. என்னைப் பார்த்ததும் பதறிப்போய், மூடி கறுப்புதானா என்று இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.