கறுப்பு வயர்தான் முதல்

சில்வெஸ்ரரைப் பற்றி அவருடைய கத்தோலிக்கக் கோயில் ஆட்களிடம் கேட்டால், பாவம், வீட்டுப் படியில் சறுக்கிக் கையை முறித்த மனிதர் என்று சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். சொன்னவரும் அவரேதான், அதுவும் பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் நின்று. படியாவது சறுக்குவதாவது! மே மாத மழையில், வேலைக்குப் போகிற வழியில், ரோட்டில் பூசியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் வைத்துப் பிரேக்கைப் பிடித்தார். மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஐம்பது வயதில் மோட்டார் சைக்கிளால் விழுந்தேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

அந்தச் சைக்கிளில் அவருக்கு அப்படி என்ன ஆசை என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு வங்கியில் கிளாக்கர். கையெழுத்து அழகு, மேசை அழகு, ஆட்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிடாத குறை. தொண்ணூற்று மூன்றில் ஓக்லாந்துக்கு வந்த பிறகு, எல்லர்ஸ்லியில் பெரிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் தபால் பிரிக்கிற வேலை. நல்ல வேலைதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் பெயரைக் கூட முழுதாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. 'சில்' என்று வெட்டிவிட்டார்கள். மகனாக இருக்கக்கூடிய வயதுப் பொடியன் வந்து, சில், அந்தப் பெட்டியை இப்படி வை என்பான். இவரும் சிரித்துக்கொண்டு வைப்பார். வீட்டுக்கு வந்தால் வாடகை, விசா, பிள்ளைகளின் பாடசாலை. இடையில், மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து எல்லர்ஸ்லிக்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், தலைக்கவசத்துக்குள் அவர் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. மனிதனுக்கு அது பெரிய விஷயம். அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்த ஒருவரிடமிருந்து ஏவன்டேலில் வாங்கிய பழைய ஹொண்டா அது. அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பொறாமை வரும்.

மனைவி டோறினுக்கும் வந்தது. டோறின் மன்னார்க்காரி. வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வேளா வேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருந்தால் முன், பின் என்றால் பின். நடுவில் டோறினின் சொந்த யோசனை ஒன்றும் கிடையாது. அந்த இல்லத்தில் எல்லோரும் நம்புவது அவளைத்தான். வீட்டிலும் அதே சட்டம். சோறு வடிக்கிறதற்கும் ஒரு ஒழுங்கு, உடுப்புக் காயப்போடுகிறதற்கும் ஒரு ஒழுங்கு. சில்வெஸ்ரரோ எதையும் கை போன போக்கில் செய்கிற ஆள். இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்த கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

கையில் மாவுக்கட்டோடு அவர் வந்து இறங்கிய அன்று டோறின் அவரைச் சாப்பிடவைத்துப் படுக்கவைத்தாள். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, சைக்கிளை விற்றுவிடச் சொன்னாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர் அன்று கெஞ்சினார். ஜூனில் தொடங்குகிற இந்த நாட்டுக் குளிர்காலம் முழுக்கத் தொடமாட்டேன், கராஜில் கிடக்கட்டும், செப்டெம்பரில் கை சுகமான பிறகு பார்ப்போம் என்றார். டோறின் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"கிடக்கட்டும். ஆனா இனி அந்தச் சாமானாலை இந்த வீட்டிலை ஆருக்காவது ஒரு கீறல், ஒரு பொறி பறந்தாலும், அடுத்த ஞாயிறு அது ஏவன்டேல் சந்தையிலை நிக்கும். சரியோ?"

சரி என்றார். டோறின் சொன்னால் செய்வாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து அந்தச் சைக்கிளைச் சுற்றி ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் அவர் கராஜுக்கு ஓடினார்.

கராஜில் சும்மா நிறுத்திவைத்தால் போதாது. ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டார். பற்றறியைக் கழற்றாமல் விட்டால் குளிருக்குள் சார்ஜ் இறங்கி இறங்கிச் செத்துப்போகும், கழற்றி வீட்டுக்குள் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள் என்றார் கடைக்காரர். நெகட்டிவ் முதலில், அதாவது கறுப்பு வயர், பிறகுதான் சிவப்பு. திரும்பப் பூட்டும்போது சிவப்பு முதலில் என்றும் சொன்னார். கையில் மோதிரம், காப்பு ஒன்றும் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். சில்வெஸ்ரர் எல்லாவற்றுக்கும் யேஸ் யேஸ் என்றார். டோறின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கழற்றுவது யார்? இவருடைய வலது கை மாவுக்கட்டுக்குள். இடது கையால் சேர்ட்டுப் பொத்தான் போடவே பாதி நாள் போகிறது. கோயிலில் குலசிங்கம் இருக்கிறார், இந்த மாதிரி வேலைகளில் கெட்டிக்காரர், கூப்பிட்டால் ஓடி வருவார். வந்து சைக்கிளின் நசுங்கின பக்கத்தைப் பார்த்தால் படிக்கதை என்ன ஆவது? பொய் சொன்னவனுக்குப் பெண்சாதிதான் மெக்கானிக். வேறு வழியில்லாமல் டோறினே திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். பிள்ளைகள் இரண்டு பேரும் விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். மழை விட்டிருந்தது. பற்றறியிலிருந்து வாயு வரும் என்று கராஜ் கதவை அகலத் திறந்துவைத்தாள். சில்வெஸ்ரரின் பழைய சேர்ட்டை மேலே போட்டுக்கொண்டாள். காப்பு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி ஒரு கோப்பைக்குள் போட்டாள். சில்வெஸ்ரர் பெயிண்ட் வாளி ஒன்றின் மேல் இருந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார். மோதிரம்? கழற்றியாச்சு. காப்பு? கழற்றியாச்சு. தோடு? அதையும் கழற்றியாச்சு. சாவியை எடுத்துவிட்டார்கள், சீற்றைத் தூக்கிவிட்டார்கள். உள்ளே பற்றறி, பக்கத்துக்கு ஒரு வயராக, இருந்த இடத்திலேயே இருந்தது.

சிவப்பு வயர் கைக்கு எட்டுகிற பக்கம். கறுப்பு வயரோ ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால், அதுவும் திருகாணி துருவேறிக் கறள் பிடித்துப்போய். டோறின் திருகினாள். அசையவில்லை. இன்னும் ஊன்றித் திருகினாள், திருப்புளி வழுக்கியது. சில்வெஸ்ரருக்குப் பொறுமை போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் இவர் பற்றறி கழற்றின கதை ஊருக்கே தெரியும். அப்போது சண்டைக்காலம், பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, புதுப் பற்றறி கண்ணிலும் காண முடியாது. பின்னேரமானால் தன்னுடைய மோட்டார் சைக்கிள் பற்றறியைக் கழற்றி ரேடியோவுக்குக் கொடுப்பார். செய்தி முடியத் திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவார். கறுப்பும் கிடையாது சிவப்பும் கிடையாது, எது கையில் அகப்படுகிறதோ அது. அதுமட்டுமா? குறட்டால் இரண்டு பக்கத்தையும் ஒருக்கால் தொட்டுப் பார்ப்பார்கள். பொறி பறந்தால், ஆகா, சார்ஜ் இருக்கு என்று முகம் மலரும். பொறியைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

அந்தத் துணிவில்தான் இப்போதும் வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும், சிவப்பு கிட்டத்தானே இருக்கு. முதல் அதைக் கழட்டும். பிறகு பற்றறியைக் கொஞ்சம் வெளியிலை இழுத்துப்போட்டுக் கறுப்பைக் கழட்டலாம்."

"அந்த ஆள் என்ன சொன்னவர்?"

"கறுப்பு எண்டுதான் சொன்னவர். அது சும்மா ஒரு முறைக்குச் சொல்லுறது. நான் எத்தினை தரம் கழட்டியிருக்கிறன்!"

"அப்ப கறுப்பு."

ஏன் கறுப்பு என்று உமக்குத் தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றாள். உங்களுக்குத் தெரியுமோ என்று திருப்பிக் கேட்டாள். அவருக்கும் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் கொடுக்கிற குளிசையை ஏன் முன் கொடுக்கிறது என்று நான் டொக்டரிடம் கேட்டேனா என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்தாள். பிடிவாதக்காரி என்று அவர் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தாள். கறளுக்கு எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கடைசியில் ஆணி இளகியது. கறுப்பு வயரை இழுத்து, திரும்பப் போய்த் தொடாதபடி அதன் நுனியில் பிள்ளையின் பழைய காலுறை ஒன்றை மாட்டி ஒதுக்கிவைத்தாள். பிறகு சிவப்பின் ரப்பர் மூடியை உயர்த்திவிட்டு, ஆணியைப் பார்ப்பதற்காக இன்னும் நன்றாகக் குனிந்தாள்.

பெரிய சேர்ட்டின் கழுத்து தொங்கியது. அதற்குள்ளிருந்து தாலிக்கொடி நழுவி வெளியே விழுந்தது. ஒரு பக்கம் சிவப்பு முனையின் மேல், மறு பக்கம் சைக்கிளின் இரும்புச் சட்டத்தின் மேல், குறுக்கே கிடந்தது.

சில்வெஸ்ரர் போட்ட கூச்சல் அடுத்த வீட்டுச் சாமோவாக்காரருக்கும் கேட்டிருக்கும். வாளி உருண்டது. டோறின் என்னவோ ஏதோவென்று பதறிப் பின்னால் சாய்ந்தாள். கொடி அவளோடு சேர்ந்து எழும்பி நெஞ்சில் விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. பொறி இல்லை, புகை இல்லை, சின்னச் சத்தம்கூட இல்லை.

அவர் கிட்டப்போய், இடது கையால் அவளுடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கொடியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்துபோய்க் கிடந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அந்த மூச்சோடு அவர் சீமெந்துத் தரையிலேயே இருந்துவிட்டார். அப்போதுதான் கறுப்பு ஏன் முதல் என்று அவருக்கு விளங்கியது. சைக்கிளின் இரும்பு முழுவதும் கறுப்பு வயரோடு சேர்ந்தது. கறுப்பு பூட்டியபடி இருக்க, சிவப்பிலிருந்து ஒரு உலோகம் போய் இரும்பில் தொட்டால் பற்றறியின் முழுப் பலமும் அதற்குள்ளால் பாயும். குறட்டின் நுனி உருகினதை அவரே கண்டவர். கறுப்பைக் கழற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அவள் மட்டும் இவருடைய பேச்சைக் கேட்டிருந்தால், அந்தக் கொடி கழுத்தைச் சுற்றிச் சிவக்கப் பழுத்திருக்கும்.

அதை அப்படியே அவளிடம் சொன்னார். டோறின் கொடியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எல்லா நகையும் கழட்டினனான் தானே," என்றாள்.

உண்மைதான். இவரும் எல்லா நகையையும் கேட்டார். தாலியை நகையென்று இரண்டு பேரில் ஒருவரும் நினைக்கவில்லை. மோதிரம் பொன், காப்புப் பொன், தாலி தாலி. கல்யாணப் பூசையில் அவர் கட்டிய நாளிலிருந்து அது அவளுடைய கழுத்தை விட்டு இறங்கினது கிடையாது. இங்கே அவளுக்கு அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன் நடந்தபோது நேர்ஸ்மார் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதைத் தோளோடு சேர்த்துப் பிளாஸ்டர் போட்டு ஒட்டித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கடைக்காரர் தாலியைப் பற்றி எப்படிச் சொல்லுவார், பாவம்.

"வித்துப்போடுவம், டோறின்," என்றார் சில்வெஸ்ரர் தரையில் இருந்தபடி. "எனக்கு இது வேண்டாம். நாளைக்கே கொண்டுபோவம்."

மனதாரத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அந்தச் சைக்கிளை யாராவது சும்மா கேட்டிருந்தாலும் சாவியைத் தூக்கிக் கொடுத்திருப்பார். டோறின் திருப்புளியைத் திரும்ப எடுத்தாள். இன்னும் சிவப்பு இருக்கு என்றாள். விடும் என்றார். அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை என்றாள். அப்படியென்றால் அந்தக் கொடியைக் கழற்றிவிட்டுச் செய்யும் என்றார்.

"நான் கழட்டமாட்டன்."

"நான் கழட்டலாமோ?"

டோறின் யோசித்தாள். இதற்கு யாரும் அவளுக்கு ஒழுங்கு சொல்லித்தரவில்லை. தானே ஒன்று சொன்னாள்.

"நீங்கள் போட்டது. நீங்கள் எடுக்கலாம். ஆனா கோப்பைக்குள்ளை வைக்கேலாது. கழுத்திலைதான் இருக்கவேணும்."

அவர் எழும்பி வந்தார். இடது கையால் கொடியை மெல்லத் தூக்கி, அவளுடைய தலைக்கு மேலால் எடுத்து, தன் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டார். மாவுக்கட்டுக் கையும், சவரம் செய்யாத முகமும், நெஞ்சில் தாலியுமாக மனிதர் நின்ற கோலத்தைப் பார்த்து டோறினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கராஜுக்குள் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகும் அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறகு டோறின் சிவப்பைக் கழற்றினாள். அது இரண்டு திருகலில் வந்தது. பற்றறியைச் சரிக்காமல் நிமிர்த்தித் தூக்கி, உள்ளே உடுப்புத் தோய்க்கிற அறையில், ஒரு பலகைத் துண்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சில்வெஸ்ரர் விட்ட இடத்திலேயே நின்றார்.

"பொறி பறந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"ஆருக்காவது கீறல் பட்டதோ?"

"இல்லை."

"அப்ப கிடக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

அவள் கிட்ட வந்து தலையைக் குனிந்தாள். ஒற்றைக் கையால் கொடியைத் தன் கழுத்திலிருந்து எடுத்து அவளுக்குப் போட அவர் பட்ட பாடு பெரும்பாடு. அது கொண்டையில் சிக்கியது, காதில் மாட்டியது, ஒருவழியாக இறங்கியது. இறங்கிய பிறகும் அவர் அதைப் பிடித்த பிடியை விடவில்லை. டோறினும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று கொடுத்தாள்.

"கொடியை விடுங்கோ," என்றாள் பிறகு. "பிள்ளையள் வரப்போகுதுகள், நான் சோறு வைக்கவேணும்."