ஐந்து ஆம்பியர் பாயிண்ட்டில் பத்து ஆம்பியர்

இருநூற்று இருபதை இருபத்திரண்டால் வகுத்தால் பத்து. இந்தக் கணக்கை ஒரு மனுஷனுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது நான் உப்பளம் என்கிற பேட்டையில் வயர்மேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சொல்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டு வயரிங் நான் செய்தது. பிளக் பாயிண்ட் கருகிவிட்டதாம். என் வேலை மோசம் என்று கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவில் பாதி வீடு என் கைவேலை. பேர் கெட்டால் ஒருத்தனும் கூப்பிடமாட்டான்.

கோபமாகத்தான் போனேன். அவர் மகள் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த, கேக் சுடுகிற கரண்ட் ஓவன் மேஜைமேல் இருந்தது. பின்பக்கம் 2200 வாட் என்று போட்டிருந்தது. டிவிக்கு வைத்த ஐந்து ஆம்பியர் பாயிண்ட்டில் அதைச் செருகியிருக்கிறார்கள். பிரான்ஸ் பிளக் நம் சின்ன பாயிண்ட்டில் கச்சிதமாக உட்கார்ந்து தொலைக்கும். இரண்டு தடவை ஃபியூஸ் போயிருக்கிறது. மூன்றாவது தடவை அவரே தடிமனான செம்புக் கம்பியை ஃபியூஸ் கட்டையில் முறுக்கிவிட்டார். அப்புறம் ஃபியூஸ் எப்படிப் போகும்? பாயிண்ட்தான் எரியும்.

"அங்கயும் இருநூத்தி இருபது வோல்ட்டு, இங்கயும் இருநூத்தி இருபது. அங்க எரியாதது இங்க ஏன்யா எரியுது? உன் ஒயரு சரியில்ல."

"ஐயா, வோல்ட்டு ஒண்ணுதான். வாட்ட வோல்ட்டால வகுங்க. பத்து ஆம்பியர். இந்த பாயிண்ட்டு தாங்குறது அஞ்சு."

"அவன் போட்டிருக்கறது பொய்யா இருக்கும்."

கருகிய பாயிண்ட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த ஓவனின் பிளக்கைப் பிடுங்கி, மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு பின்னிலும் தொட்டேன். ஏறக்குறைய இருபத்திரண்டு. "காயிலோட ரெசிஸ்டன்ஸ் இது. வோல்ட்ட இதால வகுத்தாலும் அதே பத்துதான் வருது. நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். காகிதத்தை முறைத்தார். என்னை முறைத்தார்.

அவர் மனைவி சுவரில் கை வைத்துவிட்டு, "தோசக்கல்லு மாதிரி சுடுது. கேக்க இதுலயே சுட்டிருக்கலாம்" என்றார்.

மெயினிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் வைத்தேன். செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போட்டேன். கருகிய பாயிண்ட்டையும் மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது! பெரிய பாயிண்ட்டின் ஓட்டையும் பெரிது. பிரான்ஸ் பிளக் அதில் நிற்காது. அதை வெட்டிவிட்டு நம் ஊர் பெரிய பிளக் மாட்ட வேண்டும்.

"வெட்டக் கூடாது. கேரண்டி போயிடும்."

"கேரண்டிக்கு பாரிஸுக்கா தூக்கினு போவீங்க?"

"என் பொண்ணு வாங்கினது. தொடாத."

சொல்லிவிட்டு, என் கண்ணெதிரே, நான் அப்போதுதான் மாற்றிய ஐந்து ஆம்பியர் பாயிண்ட்டில் மறுபடியும் செருகப் போனார். இவ்வளவு நேரம் வகுத்தது யாருக்கு?

அந்த அம்மா அவர் கையிலிருந்து பிளக்கைப் பறித்து என்னிடம் நீட்டினார். "வெட்டுப்பா. நான் சொல்றேன்."

ஒரே வெட்டு. பெற்ற பிள்ளையை வெட்டியதுபோல அவர் கத்தினார். நான் காதில் வாங்காமல் புது பிளக்கை மாட்டினேன். அந்த அம்மா உள்ளே வைத்த கேக் வெந்து முடியும்வரை சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

என் வயரிங் மோசம் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. பிரான்ஸ் சாமானை வெட்டுகிறவன், வீட்டுக்குள் விடாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அதே தெருவில் இரண்டு வீட்டிலிருந்து, தங்கள் பிரான்ஸ் சாமானின் பிளக்கையும் வெட்டி மாற்ற வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள்.