எரிந்த கிளட்ச்சும் ஜெசிந்தா டீச்சரும்

“சார், செருப்பு வாங்கப் போனா கால் அளவ மட்டும் சொல்வீங்களா, எங்க நடக்கப் போறீங்கன்னும் சொல்வீங்களா?”

ஜெசிந்தா டீச்சர் ஒருமுறை என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற வாரம் காலையில் அவருடைய தம்பி தொலைபேசியில், “அக்கா போயிட்டாங்க சார், தூக்கத்துலயே” என்றபோது, ஆறுதல் சொல்ல வாய் வருமுன் இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் படித்தவர்களுக்கும், முத்தியால்பேட்டையில் அவர் கடையில் உதிரிபாகம் வாங்கியவர்களுக்கும் இது புதிதல்ல. உங்களிடமும் எதையாவது இப்படிக் கேட்டிருப்பார்.

நாங்கள் ஒரே தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தோம். நான் அறிவியல், அவர் பட்டறை. ஓய்வுக்குப் பிறகு அவர் புல்வெட்டும் வண்டிகளுக்கும் மருந்தடிக்கும் எந்திரங்களுக்கும் உதிரிபாகக் கடை திறந்தார். நான் பேப்பர் படிக்க அங்கே போவேன். “வாங்க சார், ஃபேன் காத்து இலவசம். கருத்து மட்டும் வேணாம்” என்பார்.

ஒருநாள் கலைச்செல்வி என்ற பெண் கரிந்துபோன கிளட்ச் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நோணாங்குப்பம் பக்கம் ஒரு விடுதியில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி அவர் பொறுப்பு. கூடவே தோட்ட மேற்பார்வையாளரும் வந்திருந்தார்.

“இதே ஷாஃப்ட் சைஸ்ல ஒண்ணு குடுங்க மேடம். ஏற்கெனவே ஒண்ணு போச்சு, இது ரெண்டாவது. இந்தம்மாவுக்கு வண்டி கையாளத் தெரியல. அடுத்ததும் எரிஞ்சா வேற ஆள உக்கார வச்சிடுவேன், இவங்க செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்.”

“எங்க நெலத்துல டிராக்டரே ஓட்டுனவ நானு” என்றார் கலைச்செல்வி. அந்த இருக்கையை அவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருந்தார். இறங்கச் சொன்னால் மறுபடி ஏறுவது நடக்காது.

டீச்சர் கேள்விகளை ஆரம்பித்தார். “பிளேடு எவ்ளோ அகலம்? புல்லு ஈரமா, காஞ்சதா? ஒரு நாளைக்கு எத்தன தடவ ஆன் பண்றாங்க?”

“அதெல்லாம் எதுக்கு மேடம்? சைஸ் பொருந்துனா போதாதா?”

அப்போதுதான் என் பக்கம் திரும்பி, செருப்பைப் பற்றிக் கேட்டார். கால் அளவு மட்டும்தான் சொல்வேன் என்றேன். “அதான் உங்க செருப்பு அடிக்கடி அறுந்து போவுது” என்றார்.

கிளட்ச் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு பாடம். ஆணியில் கம்பி சுற்றி பேட்டரியில் இணைத்தால் குண்டூசி ஒட்டிக்கொள்ளும். மின்காந்தக் கிளட்ச்சும் அதே வித்தைதான். இரண்டு இரும்புத் தட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று ஷாஃப்ட் என்ற எஞ்சின் தண்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டதும் காந்தம் மற்றதை இழுத்து ஒட்டவைக்கும், அதோடு இணைந்த பெல்ட் பிளேடைச் சுழற்றும். அணைத்தால் தட்டு விடுபடும், பிரேக் பிளேடைப் பிடித்து நிறுத்தும். சுவிட்சைப் போட்டவுடன், இரண்டு தட்டுகளும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசும். உரசினால் சூடு.

மறுநாள், பழைய ஷாஃப்ட் அளவிலேயே, சோதித்துப் பார்க்க ஒரு மாற்றுக் கிளட்ச்சை ஸ்கூட்டரில் வைத்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நோணாங்குப்பம் போனார். அதை வண்டியில் பூட்டி, கலைச்செல்வியை வழக்கம்போல வெட்டச் சொன்னார். நாங்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்தோம். நடைபாதையில் ஒரு தம்பதி வந்தார்கள். கலைச்செல்வி பிளேடை நிறுத்தினார். அவர்கள் போனதும் போட்டார். ஒரு குழந்தை ஓடிவந்தது, மறுபடி நிறுத்தினார். டீ கொண்டு போனவருக்காகவும் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் அடர்ந்த புல்லுக்கு நடுவிலேயே, முழு வேகத்தில் திரும்பப் போட்டார்.

“ஏம்மா இத்தன தடவ நிறுத்துற?”

“விருந்தாளி வந்தா நிறுத்தணும்னு சாருதான் சொல்லிருக்காரு. கல்லு கில்லு தெறிச்சிடும்ல?”

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சொன்னார்: “நல்ல ரூல் தம்பி. அத மாத்தாதீங்க, கிளட்ச்ச மாத்துங்க. வீராம்பட்டினத்துல தேர் வடம் பிடிச்சிருக்கீங்களா? ஓடுற தேரு கைய சுடாது. கெளப்பும்போது வடம் வழுக்குனாத்தான் தோலு போவும். நீங்க இந்தம்மாவ நாள் பூரா தேரக் கெளப்பச் சொல்றீங்க.”

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சுக்கு வரும் மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்தார். குறைவாக இருந்தது. உப்புக்காற்றில் கனெக்டரின் முனைகள் பச்சை பிடித்திருந்தன. மின்சாரம் குறைந்தால் காந்தத்தின் பிடியும் தளரும். முனைகளைச் சுத்தம் செய்யவைத்தார். பழைய பெல்ட்டே சேரும்படி, அதே ஷாஃப்ட் அளவில், ஆனால் பிடிவிசை அதிகமான, அடிக்கடி போட்டு நிறுத்தத் தாங்கும் கிளட்ச்சைத் தேர்ந்தெடுத்தார். கலைச்செல்வியிடம், “வெட்டுன எடத்துக்கு வண்டிய நகத்திக்கிட்டு, ரேஸக் கொறச்சுப் போடு. அப்புறம் ஏத்து” என்றார்.

“வெல கூட ஆவுமே மேடம்.”

“ரெண்ட எரிச்சிட்டு வெலயப் பத்திப் பேசுறீங்களே தம்பி, தகிரியந்தான்.”

வாங்கினார், பழைய நிபந்தனையோடுதான். இதுவும் எரிந்தால் கலைச்செல்வி இறங்க வேண்டும். ஈரப்புல்லில் கிளட்ச்சுக்குச் சுமை கூடும் என்பதால், அந்த மழைக்காலத்தில் டீச்சருக்கு நிம்மதியில்லை. மழை விட்டதும் கலைச்செல்விக்குப் போன் போடுவார். “கிளட்ச்சுல கைய வச்சு சூடு பாத்தியா? எஞ்சின நிறுத்திட்டுத்தான பாத்த?” என்று விசாரிப்பார். தன் கணக்கு தப்பினால் இன்னொருவர் இருக்கை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கிளட்ச் தாங்கியது. கோடையிலும் தாங்கியது.

பிறகு ஒருநாள் அந்த மேற்பார்வையாளர் தானாகவே வந்தார். “மேடம், இன்னொரு வண்டி வாங்கிருக்கோம். பின்பக்கம் ஓட்டறதுக்கு. ஆளே வராத எடம், காலைல போட்டா முடியறவரைக்கும் நிறுத்த வேணாம், புல்லும் காஞ்சதுதான். பெரிய கிளட்ச்சு தேவையில்லல்ல?” டீச்சர் எழுந்து நின்று, “மெர்சி, முசியே!” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கை குலுக்கினார். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் எந்த மாணவருக்கும் அவர் எழுந்து நின்றதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கலைச்செல்வியைப் பார்த்தேன். வேலை உடையிலேயே வந்திருந்தார். “ரெண்டு வண்டிக்கும் இப்ப நான்தான் சார் பொறுப்பு” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மத்தியானம் வெட்டணும், வரேன் சார்” என்று கிளம்பினார். போகட்டும், டீச்சருக்கும் அதுதான் பிடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு பொருள் கெட்டால், அதற்கு நாம் கொடுத்த வேலையை முதலில் போய்ப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு மிக்ஸி நின்றபோதுகூட, யார் கைபட்டது என்று கேட்காமல், உள்ளே என்ன அரைபட்டுக்கொண்டிருந்தது என்று பார்த்தேன். வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

உங்களில் யாராவது புல்வெட்டும் வண்டிக்குக் கிளட்ச் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குக் கிளம்புமுன் அந்த வண்டி வேலை செய்யும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிளேடு எத்தனை முறை நின்று கிளம்புகிறது என்று எண்ணுங்கள்.